வண்டியில் ஒரு பிள்ளைக்கு இடம் இருந்தது

அன்புள்ள மகன் சாமுவேலுக்கு அம்மா எழுதுவது.

இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல் என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. உன் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. தபால்காரர் வாசலில் நின்று கூப்பிட்டபோது, தந்தியோ என்று பயந்து கொஞ்ச நேரம் வெளியே வராமல் நின்றேன். கவர்தான் என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. பிரித்துப் படித்ததும் அந்த மூச்சும் போய்விட்டது. குழந்தை தங்கவில்லை, பெண் குழந்தை, ரூத்துக்கு விடாத காய்ச்சல், ஆஸ்பத்திரியில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். வலி கண்ட அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வருகிற நாள் என்று நீதான் ஒரு நாள் தள்ளிப்போட்டாய் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, 'இனி எனக்காக ஜெபம் பண்ண வேண்டாம் அம்மா. முழங்கால் போட்டால் வாயில் ஒன்றும் வரவில்லை. எனக்கு இனி எதுவும் வேண்டாம்' என்று எழுதி, கையெழுத்துக்கூடப் போடாமல் விட்டிருக்கிறாய். அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. எதுவும் வேண்டாம் என்றால் என்ன கண்ணு? சோறு வேண்டாமா, வேலை வேண்டாமா, உயிரே வேண்டாமா? ஒன்றையும் விளக்கமாக எழுதாமல் என்னை இங்கே விட்டுவிட்டாய்.

உடனே புறப்பட முடியவில்லை. யுத்தம் வந்த பிறகு நம் பாதையில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் வாரத்தில் இரண்டு நாள்தான். இனி வெள்ளிக்கிழமைதான் வரும். அதில் சேலம் போய், ரயிலில் இடம் கிடைத்தால் அன்று சாயங்காலம் கோயம்புத்தூரில் இருப்பேன். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. உன்னிடம் நான் இருபது வருஷமாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் வந்து சேருகிறதற்கு முன்னால் அது உன் கையில் இருக்க வேண்டும். ரூத் தூங்குகிற நேரம் பார்த்து, வெளியே வராந்தாவில் உட்கார்ந்து படி. பாதியில் நிறுத்தாதே.

உன் இடது அக்குளில் இருக்கிற தழும்பு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். நாலு வயதில் உனக்குப் பிளேக் என்கிற கொள்ளைநோய் கண்டது, மிஷன் ஆஸ்பத்திரியில் கட்டியைக் கீறி ஆற்றினார்கள், அம்மாவின் ஜெபத்தை ஆண்டவர் கேட்டார் என்று சொல்லி வளர்த்தோம். அது பாதிக் கதை. மீதியை இப்போது சொல்கிறேன்.

அந்த வருஷம் தை மாதம் முதலில் செட்டியார் கிடங்கில் எலி செத்து விழுந்தது. ஒரு வாரத்தில் வீட்டுக்கு வீடு விழ ஆரம்பித்தது. தாலுகாவிலிருந்து ஆட்கள் வந்து ஊரைக் காலி பண்ணச் சொன்னார்கள். வீடுகளுக்கு வெயில் விழட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்துப் போட்டார்கள். ஊர் மொத்தமும் காட்டுக்குப் போய்ச் சோளத்தட்டில் குடிசை கட்டி உட்கார்ந்தது. உன் அப்பா எங்களோடு வரவில்லை. நடக்க முடியாமல் ஊருக்குள் கிடந்தவர்களைத் தான் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில் படுக்கவைத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார். அவரை எல்லாரும் புகழ்ந்தார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவருக்கு ஊர் பெரிதாகப் போய்விட்டது, நானும் பிள்ளையும் காட்டில் கிடக்கிறோம் என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ஜெபம் பண்ணும்போதும் திட்டினேன்.

எங்கள் குடிசைக்கு அடுத்த குடிசை செல்லாயியுடையது. உனக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீ அத்தை என்று கூப்பிட்டு அவள் மடியிலேயே கிடந்தவன். ஆனால் அவளுக்கு முதலில் ஒரு பெண் இருந்தாள் என்பது உனக்கு நினைவிருக்காது. பாவாயி என்று பெயர். உன்னைவிட இரண்டு மாதம் மூத்தவள். நீ எதைத் தின்றாலும் அவளுக்குப் பாதி கொடுப்பாய், அவள் எதைத் தின்றாலும் உனக்குக் கொடுக்காமல் ஓடுவாள். நீ அழுதுகொண்டே பின்னால் ஓடுவாய். அந்தக் காட்டில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததென்றால் உங்களைப் பார்த்துத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை உனக்குக் காய்ச்சல் கண்டது. புதன்கிழமை அக்குளில் நெறி கட்டி, கையைத் தூக்க முடியாமல் கத்தினாய். அன்றைக்கே மத்தியானம் செல்லாயி வந்து, பாவாயிக்கும் உடம்பு காய்கிறது, தொடை இடுக்கில் வீங்கியிருக்கிறது என்று என் காதோடு சொன்னாள். யாரிடமும் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நோய் கண்டவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று காடு முழுக்கப் பேச்சு இருந்தது. நான் சரி என்றேன்.

மறுநாள் காலையில் செல்லாயி மறுபடியும் வந்தாள். பிள்ளை கண் திறக்கவில்லை என்றாள். ஆஸ்பத்திரி வண்டி இந்தப் பக்கம் வருகிறதாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு அந்த வெள்ளைக்கார நர்சம்மாவிடம் பேசப் பயம். "நான் தண்ணிக்குப் போயிட்டு வாரேனுங்க. அதுக்குள்ள அந்தம்மா வந்தா எம்புள்ளையையும் பாக்கச் சொல்லுங்க, வாத்தியாரம்மா" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். அவள் முதுகு சோளக்காட்டுக்குள் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போனதும் நான் குடிசைக்குள் முழங்கால் போட்டேன். அன்று நான் செய்த ஜெபத்தை இந்த இருபது வருஷத்தில் ஒரு காகிதத்திலும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். 'ஆண்டவரே, இந்தக் காட்டிலிருந்து ஒரு பிள்ளையை நீர் எடுக்கத்தான் வேண்டும் என்றால், அது என் பிள்ளையாக இருக்க வேண்டாம்.' அப்படித்தான் கேட்டேன். வேறு எந்தப் பிள்ளை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் மாட்டு வண்டி வந்தது. ஏற்கனவே இரண்டு பேர் அதில் படுத்திருந்தார்கள். நர்சம்மா இறங்கி உன்னைப் பார்த்தாள். கட்டியை விரலால் தொட்டாள். வண்டியில் ஒரு சின்னப் பிள்ளையைப் படுக்கவைக்கத்தான் இடம் இருக்கிறது, நீ பின்னால் நடந்து வா என்று எனக்குச் சொன்னாள். பிறகு, இங்கே வேறு யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்டாள். அவள் பேசுகிற தமிழ் ஒரு மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கேள்வி எனக்குத் தெளிவாகவே விளங்கியது.

"இல்லை" என்றேன்.

இவ்வளவுதான், கண்ணு. ஒரே ஒரு சொல். அடுத்த குடிசை பத்தடி தூரத்தில் இருந்தது. உன்னைத் தூக்கி வண்டியில் போட்டேன். வண்டி போகிற வேகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். கிணற்றுப் பாதையில் செல்லாயி குடத்தோடு வருகிறாளா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னோடு இருபத்திரண்டு நாள் இருந்தேன். உனக்குக் கட்டி பழுத்துக் கீறினார்கள். நீ பிழைத்தாய். எங்களோடு வண்டியில் வந்த மற்ற இரண்டு பேரும் பிழைக்கவில்லை. அந்த நோய்க்கு அப்போது மருந்து கிடையாது, சிலர் பிழைப்பார்கள், பலர் பிழைக்கமாட்டார்கள், ஏன் என்று எங்களுக்கே தெரியாது என்று பின்னால் அதே நர்சம்மா எனக்குச் சொன்னாள். ஆகையால் பாவாயி வண்டியில் ஏறியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் வாதாடிப் பார்த்தேன். என் மனசு ஒரு நாளும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நான் போன அன்று சாயங்காலமே பாவாயி போய்விட்டாள்.

ஊருக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். போதகர் ஐயாதான் சொல்லச் சொன்னார். என் விண்ணப்பத்தை ஆண்டவர் தள்ளவில்லை, என் மகனைத் திருப்பித் தந்தார் என்று சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நிமிர்ந்து பார்த்தால், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு செல்லாயி நிற்கிறாள். உனக்கு ஆட்டுப்பால் கொண்டுவந்திருந்தாள், நோயில் கிடந்த பிள்ளைக்குத் தெம்பு வரும் என்று. அவள் ஆலயத்துக்குள் வருகிறவள் இல்லை. எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு உன் கன்னத்தைத் தடவிப் பாலைக் கொடுத்துவிட்டுப் போனாள். நர்சம்மா வந்தாளா, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவள் என்னைக் கேட்கவே இல்லை. பயத்தில் மறந்துவிட்டேன் என்று நினைத்தாளோ, அல்லது தன் பிள்ளைக்கு விதி அவ்வளவுதான் என்று விட்டுவிட்டாளோ.

அன்றிலிருந்து எனக்கு ஜெபம் நின்றுபோயிற்று. வெளியே யாருக்கும் தெரியாது. மாதர் சங்கத்தில் நான்தான் முதலில் ஜெபிப்பேன். சாவு வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாய் அது பாட்டுக்குச் சொல்லும். உள்ளே ஒன்றும் இருக்காது. நீ எழுதியிருக்கிறாயே, வாயில் ஒன்றும் வரவில்லை என்று, எனக்கு வாயில் எல்லாம் வந்தது, அது இன்னும் கேடு. ஆண்டவர் முன்னால் போய் நின்றால், அடுத்த குடிசையைப் பற்றி அவர் கேட்பார் என்று பயந்தேன். ஆகையால் அவர் பக்கமே போகாமல், அவரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டே இருந்தேன். ஏழு வருஷம்.

உன்னிடம் இதையும் மறைக்கமாட்டேன். மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, ஒரு பகலில், நாட்டாமைக்காரர் தோட்டத்துக் கிணற்றடியில் போய் வெகுநேரம் நின்றேன். துணி துவைக்க என்று போனேன், துணியைக் கீழேகூட வைக்கவில்லை. எனக்கும் அன்றைக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் இருந்தது. தேவதூதன் யாரும் வரவில்லை. கவலை பூட்டித் தண்ணீர் இறைக்க மாட்டைக் கொண்டுவந்த ஆள், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, மாடு மெரளும்" என்றான். தள்ளி நின்றேன். தள்ளி நின்றதும், துணியைத் துவைக்க வேண்டும், நீ பள்ளிக்கூடம் விட்டு வருவாய், சோறு ஆக்க வேண்டும் என்று நினைவு வந்தது. அவ்வளவுதான். அவன் யாரை விலக்கினான் என்று அவனுக்கே தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும். நீ இப்போது எங்கேயாவது தனியாகப் போய் நிற்கிறாயோ என்றுதான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். தனியாக நிற்காதே. பக்கத்து வீட்டுக்காரரோ, உன்னோடு வேலை பார்க்கிற வாத்தியாரோ, யாரையாவது கூட வைத்துக்கொள். பேச வேண்டாம், கூட இருந்தால் போதும். வெட்கப்படாதே.

கடைசியில் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது, இன்றுவரை நான் அவரை நினைக்கும்போது அதைக் கேட்டபோது இருந்த முகம்தான் வருகிறது. அவர் என்னைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. "இதை என்கிட்டச் சொல்லி என்ன ஆகும்? அவகிட்டப் போய்ச் சொல்லு" என்றார். அவரை அப்போது வெறுத்தேன். ஒரு வேத வசனம் சொல்லித் தலையில் கை வைத்திருந்தால் என்ன என்று தோன்றியது. அதற்கப்புறம் ஒரு மாதம் தட்டிக்கழித்தேன்.

பிறகு கடலைக்காய் பிடுங்குகிற சமயத்தில், செல்லாயி தனியாகச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் போனேன். அவளுக்கு எதிரே உட்கார்ந்து நானும் ஆய ஆரம்பித்தேன். தலையைத் தூக்காமலே சொன்னேன். "அன்னிக்கு அந்தம்மா கேட்டாங்க, வேற யாருக்காச்சும் காச்சல் இருக்கான்னு. நான் இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவள் கை நின்றது. கையில் இருந்த செடியை வைத்துக்கொண்டே இருந்தாள். "நான் சொல்லிட்டுப் போனது உங்க காதுல உழுந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"உழுந்துச்சு."

செடியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். கூடையை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால், என் மேல் மண்ணை வாரிப் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் வீட்டு வாசலில் வைத்தேன். அவள் வெளியே வரவில்லை.

உனக்குப் பதினொரு வயது இருக்கும். செல்லாயி அத்தை ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் ஏதோ பொய் சொன்னேன். ஒரு வருஷத்துக்குமேல் அவள் என்னோடு பேசவில்லை. நான் கிணற்றில் தண்ணீர் சேந்தினால் அவள் தூரத்திலேயே நின்றுவிடுவாள். ஆனால் ஊரில் ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவாள், நாளைக்குச் சொல்லிவிடுவாள் என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டு இருந்தேன். உன்னோடு மட்டும் எப்போதும்போலவே இருந்தாள். நீ பள்ளிக்கூடம் போகிற வழியில் உன் பையில் கடலைக்காயோ இலந்தைப்பழமோ போட்டு அனுப்புவாள். உன் பையைத் திறந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்படியே மூடி வைத்துவிடுவேன்.

உன் கடிதத்துக்குப் பதில் என்று ஏதாவது என்னிடம் இருந்தால், அது அந்த ஒரு வருஷத்தில்தான் இருக்கிறது. என்னை யாரும் மன்னிக்காத அந்த வருஷத்தில்தான் எனக்கு ஜெபம் திரும்பி வந்தது. ஒரு நாள் காலையில் அடுப்புப் பற்றவைக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்து, 'ஆண்டவரே, அவள் சொல்லச் சொன்னாள், நான் சொல்லவில்லை' என்றேன். நன்றியும் சொல்லவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. மறுநாளும் அதே வரி. அடுத்த நாளும் அதே வரி. மாதக்கணக்காக அது ஒன்றுதான் என் ஜெபம். ஒளி ஒன்றும் வரவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் சொல்வதை ஒருவர் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் மெல்ல மெல்லத் தெரிந்தது. சாவு வீட்டில் யாராவது வந்து ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்காருவார்களே, அந்த மாதிரி. துக்கம் போகவில்லை. துக்கத்தோடு தனியாக இல்லை என்று ஆயிற்று. ஆறுதல் என்று நான் கண்டது இதுதான், இதைவிடப் பெரிதாக எனக்குச் சொல்லத் தெரியாது. ஆகையால் உனக்கு வாயில் வருகிறது 'நான்தான் ஒரு நாள் தாமதம் பண்ணினேன்' என்கிற அந்த வரி மட்டும்தான் என்றால், அதையே சொல். எனக்கு எழுதினாய் அல்லவா? அதையே அவரிடம் சொல். நீ தாமதம் பண்ணவில்லை என்று நான் சொல்லமாட்டேன், நீ நம்பமாட்டாய். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போகலாம். அதை மறைத்துக்கொண்டு போனால்தான் வாய் அடைத்துப்போகும்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மறு வருஷம் ஐப்பசியில், செல்லாயியின் புருஷன் கருப்பண்ணன் காலை வேளையில் வந்து நின்றார். "ஊட்டுல உங்களைக் கூப்புடறாங்க" என்றார். அவர்களுக்குப் பின்னால் பிறந்த பையன் பழனிக்கு அப்போது மூன்று வயது. ஐந்து நாளாகக் குளிர் காய்ச்சல். நான் ஓடினேன். செல்லாயி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க சாமிகிட்ட எம்புள்ள பேரச் சொல்லுங்க" என்றாள். "சத்தமாச் சொல்லுங்க. நான் கேக்கோணும்."

அந்த மண் தரையில் முழங்கால் போட்டேன். எத்தனையோ சபையில் ஜெபித்த எனக்கு அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது. பழனி, பழனி, பழனி என்று மூன்று தடவை சொன்னேன். பின்னால் வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அப்புறம், நான் நினைக்காமலே, பாவாயி என்று வாயில் வந்தது. எட்டு வருஷமாக நான் சொல்லாத பெயர். அதைச் சொன்னதும் செல்லாயி அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். கருப்பண்ணன் செய்வதறியாமல் வெளியே போய் நின்றுகொண்டார். உன் அப்பா ராசிபுரம் போய்க் கொய்னா மருந்து வாங்கிவந்தார், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. என் ஜெபத்தால் விட்டது என்று நான் எங்கேயும் எழுந்து நின்று சாட்சி சொல்லவில்லை. இனி ஒரு நாளும் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு பிள்ளை பிழைப்பதும் ஒரு பிள்ளை போவதும் ஏன் என்று எனக்குத் தெரியாது. உன் குழந்தை ஏன் போனது என்றும் தெரியாது. அதைத் தெரிந்தவர்போல உன்னிடம் யாராவது பேச வந்தால், வாசலோடு அனுப்பிவிடு.

செல்லாயி என்னை மன்னித்தாளா என்று கேட்பாய். மன்னித்தேன் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று முதல் பேசுகிறாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நேற்று உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் வந்தாள். என் முகத்தைப் பார்த்து, யாருக்கு என்ன என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். கடைசி வரியை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை, அதையும் படித்தேன். அவள் எழுந்து போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, தானும் கோயம்புத்தூருக்கு வருவதாகச் சொன்னாள். ஆயுசில் அவள் ரயிலில் ஏறினதில்லை. அங்கே பட்டாளத்துக்காரர் கூட்டம் நெருக்கும், உட்கார இடம் இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். "அந்தப் புள்ளைக்குத் தாயி இல்லீங்களே. நீங்க பையனப் பாருங்க, நான் அந்தப் புள்ள பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றாள். ரூத் போர்டிங்கில் வளர்ந்த பெண், தாய் முகம் அறியாதவள் என்று நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருக்கிறாள். ஆகையால் வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேருமாக வருகிறோம். நீ ஸ்டேஷனுக்கு வராதே. ரூத்தை விட்டு நகராதே. ஆஸ்பத்திரிக்கு வழி விசாரித்துக்கொண்டு வந்துவிடுவோம். அவள் கஞ்சி குடிக்கிறாளா, காய்ச்சல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு கார்டு போடு. வியாழக்கிழமைத் தபாலில் எனக்குக் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டாலும் வருவோம். ரூத் பேசாவிட்டால் பேசாதிருக்கட்டும். நீ தாமதம் பண்ணினதைப் பற்றி அவளிடம் பேசும்படி வரும், அது இன்றைக்கு இல்லை. முதலில் அவள் உடம்பு தேறட்டும். அவளிடம் சொல்ல வேண்டியதை நேரம் பார்த்து நீயே சொல்வாய், சொல்லாமல் ஏழு வருஷம் வைத்திருக்காதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செல்லாயி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று நடந்ததை எல்லாம் எழுதிவிட்டீர்களா என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். பாவாயி பேரையும் எழுதினீர்களா என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். பிறகு, தான் சொல்வதையும் உனக்கு ஒரு வரி எழுதச் சொன்னாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே கீழே எழுதுகிறேன்.

"சாமுவேலு, உன்னயப் பாத்துப் பாத்துத்தான் எம்புள்ளைக்கு இன்னிக்கு என்ன வயசுன்னு நான் தெரிஞ்சுக்கறேன். உனக்கு மீசை மொளைச்சப்ப அவ பெரிய மனுசி ஆயிருப்பான்னு நெனச்சேன். உனக்குக் கண்ணாலம் ஆனப்ப அவளுக்கும் ஆயிருக்கும்னு நெனச்சேன். எதுவும் வேண்டாம்னு எழுதிப்போட்டியாம். அப்படி எழுதாத சாமி. நீ இருந்தாத்தான் அவளுக்கு வயசு ஏறும்."

இப்படிக்கு,
உன் அம்மா